மேலே வெறும் சுவர்தான், அண்ணி

பெரிய ஆஸ்பத்திரியில் வண்டி தள்ளுகிற வேலை அவளுக்கு. சக்கர நாற்காலி என்று அங்கே யாரும் சொல்வதில்லை, வண்டிதான். அதனால் அவள் வண்டியக்கா. பெரிய டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார், வாசலில் டீ விற்கிறவனும் அப்படித்தான் கூப்பிடுவான்.

தள்ளுவதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவன் ஒரு நாள் தள்ளிப் பார்க்கட்டும். சரிவில் இறங்கும்போது வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்கவேண்டும். முன்பக்கமாக விட்டால் உட்கார்ந்திருக்கிறவர் மூக்கு தரையைப் பார்க்கும். லிஃப்ட் வாசலில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கும், சின்னச் சக்கரம் அதில் மாட்டும், ஆகவே பெரிய சக்கரம்தான் முதலில் உள்ளே போகவேண்டும். போர்வை நுனி சக்கரத்தில் சிக்காமல் சொருகவேண்டும். இடதுபக்கம் இழுக்கிற வண்டி, கிறீச்சிடுகிற வண்டி, பிரேக் போட்டாலும் நகருகிற வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். மாமியார் குணத்தைவிட அவளுக்கு அவை அத்துப்படி.

அதெல்லாம் கைவேலை. வாய்வேலை ஒன்றும் உண்டு. ஸ்கேன் எடுக்கப் போகிறவர், "இன்னும் எவ்வளவு தூரம்மா?" என்பார். "தோ, அந்தத் திருப்பம்தான்" என்பாள். திருப்பத்துக்கு அப்பால் இன்னொரு திருப்பம் இருக்கும். ஊசி வலிக்குமா என்றால் எறும்பு கடிக்கிற மாதிரி. ஆபரேஷன் அறைக்குள்ளே என்ன இருக்கும் என்றால், "ஒண்ணுமில்ல, நாலு சுவரு, ஒரு லைட்டு." இதையெல்லாம் பொய் என்று அவள் நினைத்ததே இல்லை. வண்டிக்கு எண்ணெய் விடுகிற மாதிரி மனுஷனுக்கு நாலு வார்த்தை. சொன்னால் உட்கார்ந்திருக்கிறவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருப்பதை விடுவார், தள்ளுவது சுலபமாகும்.

வீட்டில் அவளும் அண்ணியும்தான். அண்ணி என்றால் புருஷனின் அக்கா. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், அண்ணி போகவில்லை. "தம்பி இல்லாத வீட்ல எனக்கென்ன வேலை" என்று கேட்டுக்கொண்டே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இவள் டியூட்டி முடிந்து வந்தால் தட்டில் சூடாகச் சோறு இருக்கும், கூடவே ஏதாவது ஒரு குத்தலும் இருக்கும். "ஊரையெல்லாம் தள்ளிட்டு வந்துட்டியா, மகராசி? இந்தக் குப்பைக் கூடையையும் வாசல்வரைக்கும் தள்ளிடு."

அண்ணி ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷினில் நின்றவள். பெரிய தாளாக அச்சாகி வருவதை அளவுக்கு ஓரம் வெட்டி அடுக்குகிற வேலை. காலண்டர்தான் அந்த அச்சகத்துக்குப் பிழைப்பு. முதலாளி ஒரு கருமி, ஒரு படம் வாங்கினால் அது கிழவியாகும்வரை ஓட்டுவார். அதில் ஒன்று அரண்மனை முற்றம். நடுவில் ஒரு கல்தொட்டி, பின்னால் தூண்கள், இடது ஓரத்தில் ஒரு படிக்கட்டு மேலே ஏறும். ஏறுகிறது, ஏறுகிறது, படம் முடிந்துவிடும். வெட்டப்போகிற ஓரத்தில் இன்னும் இரண்டு படி அச்சாகியிருக்கும். அதையும் அண்ணிதான் வெட்டி எறியவேண்டும். வருஷா வருஷம் ஏதோ ஒரு மாதத்துக்கு அந்தப் படம் வரும், வருஷா வருஷம் அண்ணி அந்த இரண்டு படியை வெட்டுவாள்.

"அதுக்கு மேல என்னதான் இருக்கும்?" என்று அவள் கேட்காத ஆள் இல்லை. முதலாளியைக் கேட்டாள். "மொட்டை மாடி இருக்கும், துணி காயப்போட்டிருப்பாங்க. வேலையைப் பாரும்மா" என்றார்.

போன வருஷம் அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. இவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன். வார்டிலிருந்து எக்ஸ்ரேக்கு, எக்ஸ்ரேயிலிருந்து வார்டுக்கு எல்லாம் இவள்தான் தள்ளினாள். வீட்டுக்கு வந்த பிறகும் கட்டிலிலிருந்து கழிவறைக்கு, கழிவறையிலிருந்து ஜன்னலுக்கு இவளேதான். பகலெல்லாம் அங்கே, மிச்ச நேரம் இங்கே. அண்ணி ஒரு கைத்தடியோடு மெல்ல நடக்கத் தொடங்கியபோது, இவளுக்குத் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருந்தது. அண்ணியிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால், "நான் சாகலையேன்னு வருத்தமா?" என்று கேட்டுவிடுவாள் என்ற பயம்.

அந்தச் சமயத்தில்தான் இவளுடைய சொந்த அக்காவின் மகள் வந்து நின்றாள். குட்டி என்று கூப்பிடுவார்கள், வயது முப்பதை நெருங்குகிறது. டிராவல்ஸ் ஆபீஸில் வேலை. கூட்டமில்லாத சீசனில் தன் ஆபீஸ் வழியாகச் சொந்தக்காரர்களைச் சல்லிசாக வெளிநாடு அழைத்துப் போகலாம் என்றாள். எந்த ஊர் என்று போனில் படம் காட்டினாள். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கல்தொட்டி. தூண். படிக்கட்டு.

"ஏண்டி குட்டி, இது நிஜமாவே இருக்கா?"

"பின்ன, செட்டு போட்டா படம் எடுத்தாங்க? வாங்க அத்தை, நேர்லயே பார்த்துடலாம்."

ஆண்கள் வேண்டாம் என்று முதலிலேயே முடிவாயிற்று. அக்காக்காரியின் உத்தரவு அது. "ஆம்பளை ஒருத்தன் வந்தா டீ எங்க, கக்கூஸ் எங்கன்னு அவனையே சுமந்துட்டுத் திரியணும். அவர் வீட்லயே இருக்கட்டும், ஃப்ரிட்ஜ்ல தண்ணி எங்க இருக்குன்னு இப்பவாச்சும் கண்டுபிடிக்கட்டும்." அப்படியாக நாலு பேர்: வண்டியக்கா, அக்கா, குட்டி, அண்ணி.

எல்லாம் பேசி முடித்துக் கிளம்புகிற நேரத்தில் குட்டி செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "சித்தி, அத்தைக்கு வீல்சேர் சொல்லி வச்சிடட்டுமா? ஏர்ப்போர்ட்லயும் வேணும், அங்க ஊர் சுத்தவும் வேணுமில்ல?"

அந்த ஒரு நொடியில் வண்டியக்காவுக்குத் தெரிந்தது ஊரும் இல்லை, அரண்மனையும் இல்லை. ரப்பர் கைப்பிடி இரண்டுதான் தெரிந்தது. தலைமுறைக்கு ஒரு தடவை வருகிற லீவு. அங்கேயும் போய் அதே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அதே பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு. வாய் முந்திக்கொண்டது.

"அங்க வேணாம்டி. அது பழைய ஊரு. தெருவெல்லாம் கல்லு பாவினது. வண்டியே உள்ள விடமாட்டாங்க."

"அப்படியா? நெட்ல பார்க்கட்டுமா?"

"எதுக்குப் பார்க்கணும்? எனக்குத் தெரியாதா?"

அதற்கு மேல் யார் பேசுவார்கள்? வண்டி விஷயத்தில் அவள் சொன்னால் கோர்ட் தீர்ப்பு மாதிரி. அண்ணி தன் தடியைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். "பரவாயில்ல. நடப்பேன். மெதுவா நடந்தா நடக்காதா?" என்றாள். அன்றிலிருந்து தினமும் வீட்டுக்குள்ளேயே சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்து பழகினாள். தடி தரையில் டக் டக்கென்று விழும். அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்க, வண்டியக்கா குழாயைத் திறந்து விட்டுப் பாத்திரம் தேய்த்தாள்.

*

அந்த ஊர் உள்ளபடியே அழகான ஊர். ஆறு ஒன்று நடுவே ஓடுகிறது, கரையில் மஞ்சள் கல்லில் கட்டிய வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி நிற்கின்றன. தெருக்கள் கல் பாவியவைதான், அதில் பொய் இல்லை. தங்கின அறைக்கு ஜன்னல் தெருப்பக்கம். கீழே ரொட்டிக் கடை. காலையில் ஜன்னலைத் திறந்தால் சூடான மாவு வாசனை கட்டிலுக்கே வரும்.

முதல் நாள் வண்டியக்கா கைகளை வீசி நடந்தாள். அவளுக்கே அது வினோதமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கை எப்போதும் முன்னால் நீட்டியபடி, ஏதாவது ஒன்றைப் பிடித்தபடி இருக்கும். இங்கே இரண்டும் சும்மா தொங்கின. கோட்டுப் பாக்கெட்டில் விட்டாள், எடுத்தாள், பின்னால் கட்டினாள்.

"என்னடி, கையை எங்க வைக்கிறதுன்னு தெரியலையா? என் பையைப் பிடி" என்றாள் அக்கா.

"போக்கா. லீவுல வந்திருக்கேன்."

அண்ணி பின்னால் வந்தாள். ஒவ்வொரு கல்லாகப் பார்த்துத் தடியை ஊன்றி வந்தாள். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை எங்காவது உட்காருவாள், பெஞ்சியில், கடை வாசற்படியில், தேவாலயச் சுவரோரத்தில். "நீங்க நடங்க, நான் கூட்டத்தை வேடிக்கை பார்த்துட்டு வரேன்" என்பாள். கூட்டமே இல்லாத சீசன் என்பது அவளுக்கும் தெரியும்.

இரண்டாம் நாள் ஆற்றுப் பாலத்தில் எதிரே ஒரு வண்டி வந்தது. அகலமான டயர். ஒரு பெண் தன் தகப்பனையோ யாரையோ தள்ளிக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டு, அந்தக் கல்தெருவிலேயே ஜம்மென்று போனாள். நாலு பேரும் பார்த்தார்கள்.

"அது அவங்க சொந்த வண்டி. ஊர்க்காரங்களை விடுவாங்களா இருக்கும்" என்றாள் வண்டியக்கா, யாரும் கேட்காமலே.

ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். அன்றைக்கு முழுக்க அவள் அண்ணிக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே இருந்தாள். ஸ்வெட்டர் பித்தான் போட்டுவிட்டாள். ரொட்டியில் தானே வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னடி, என்னை வித்துடப்போறியா? இப்படிக் கவனிக்கிற?"

மறுநாள் அரண்மனை.

டிக்கெட் வாங்கி உள்ளே நுழைகிற வாசலில், வலதுபக்கச் சுவரோரம், வரிசையாக நின்றன. வண்டிகள். புதுசு. நல்ல ரப்பர், நல்ல பிரேக், மடக்கி விரிக்கிற பாதத்தாங்கி. மேலே பலகையில் வண்டியின் படமும் அம்புக்குறியும். அம்பு தோட்டத்தைச் சுற்றிப் பின்பக்கமாகக் காட்டியது, அங்கே லிஃப்ட் இருக்கிறது என்று படமே சொல்லியது. எந்த பாஷையும் தெரியவேண்டாம். எடுப்பாரில்லாமல் சும்மா நின்றன.

குட்டிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அத்தை, பாருங்க! வீல்சேர் தராங்க! சித்தி, நீங்க..."

அண்ணி அவளைப் பேச விடவில்லை. "எனக்கு வேணாம்டி. வண்டியெல்லாம் உள்ள விடமாட்டாங்கன்னு உன் சித்தி சொல்லியிருக்கா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சொல்லும்போது பார்த்தது குட்டியை இல்லை.

வண்டியக்காவின் கை பாக்கெட்டுக்குள் இருந்தது. ஒரு எட்டு வைத்து ஒரு வண்டியை இழுத்திருந்தால் தீர்ந்தது. "அட, இருக்கே! நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று சிரித்து மழுப்பியிருந்தாலும் தீர்ந்தது. கை வெளியே வரவில்லை. வண்டியைத் தொட்டால் பொய்யைத் தொட்ட மாதிரி. அக்கா, "கதவடைச்சுடப் போறான், வாங்கடி" என்று இழுத்தாள். உள்ளே போனார்கள்.

முற்றம்வரை அண்ணி நடந்தே வந்தாள். கல்தொட்டியைப் பார்த்ததும் நின்றாள். தடியை ஊன்றி, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கி, அச்சகத்தில் தாளின் ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். பிறகு இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தாள். "இங்கிருந்துதான் எடுத்திருக்கான்" என்றாள். இடதுபக்கம் படிக்கட்டு. அவள் வெட்டி எறிந்த இரண்டு படி, அதற்கு மேலும் படிகள், அப்புறம் ஒரு தூணுக்குப் பின்னால் திரும்பி மறைந்துவிட்டது. கீழிருந்து அவ்வளவுதான் தெரியும்.

அண்ணி முதல் படியில் காலை வைத்தாள். இரண்டாவதில் வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"நீங்க போயிட்டு வாங்க. வந்து சொல்லுங்க."

முதல் திருப்பத்திலேயே அக்காவுக்கு மூச்சு வாங்கித் தலை சுற்றியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குட்டி துணைக்கு நின்றாள். "நீங்க ஏறுங்க சித்தி. மேல போட்டோ எடுக்கக்கூடாதாம், கண்ணால பார்த்துட்டு வாங்க." ஆக, கடைசிவரை ஏறினவள் வண்டியக்கா மட்டும்தான். படிக்கட்டைப் பற்றி ஒரு நாளும் கேட்காதவள்.

மேலே ஒரு கூடம். விட்டம் முழுக்க நீலம், அதில் பொன்னில் ஏதேதோ பறவை. சுவர் நெடுகக் கல்லில் பெண்கள் நின்று விட்டத்தைத் தலையில் தாங்கினார்கள். ராணிகள் இல்லை. முழங்கைவரை சுருட்டிய சட்டை, இடுப்பில் சொருகிய துணி, வேலைக்காரப் பெண்கள். ஒருத்திக்குத் தூக்கம் வருகிற முகம். ஒருத்தி பக்கத்தில் நிற்பவளிடம் என்னவோ சொல்லிச் சிரிக்கிறாள். உயரத்தில் இருந்த ஜன்னல்களிலிருந்து வெயில் அவர்கள்மேல் விழுந்தது. வண்டியக்கா வாயைப் பிளந்தாள். உடனே, கீழே தடியைப் பிடித்துக்கொண்டு கல்தொட்டியருகே நிற்கிறவள் நினைவு வந்தது. கூடத்தின் கோடியில் லிஃப்ட் கதவு திறந்தது. அதிலிருந்து ஒரு வண்டி இறங்கியது, ஒரு கிழவி, தள்ளிக்கொண்டு ஒரு வாலிபன். வண்டியக்காவால் அங்கே நிற்கமுடியவில்லை. விறுவிறுவென்று இறங்கிவிட்டாள்.

அண்ணி கல்தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்தாள்.

"என்னடி இருந்துச்சு மேல?"

இந்த இடத்தில் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், அப்படிப்பட்டதையா நான் பார்க்காமல் போகிறேன் என்று அண்ணி மனசு உடையுமே? ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லவேண்டும். பழக்கதோஷம், தானாக வந்தது.

"ஒண்ணுமில்ல அண்ணி. மேலே வெறும் சுவர்தான்."

"சுவரா?"

"சுவரு. ஒரு கதவு. அதுவும் பூட்டியிருக்கு. இதுக்குப் போயா இவ்வளவு படி!"

"நல்லவேளை, நான் ஏறலை" என்றாள் மெல்ல இறங்கி வந்த அக்கா.

வண்டி விஷயத்தில் தள்ளாமல் தப்பிக்கப் பொய் சொன்னவள் இதில் எதற்குப் பொய் சொல்லப்போகிறாள், இதில் அவளுக்கு என்ன லாபம் என்று அண்ணி நினைத்திருக்கவேண்டும். நம்பிவிட்டாள். திரும்பி ஒருமுறை படிக்கட்டைப் பார்த்தாள். ஆசை தீர்ந்த முகம் ஒன்று உண்டு, ஆசை செத்த முகம் ஒன்று உண்டு. இது இரண்டாவது.

"சுவருதானா. சரி. வாங்க, பசிக்குது" என்றாள்.

*

அதன் பிறகு அண்ணி அந்த ஊரைப் பார்க்கவே இல்லை. கண் திறந்துதான் இருந்தது. மணிக்கூண்டைக் காட்டினால் "ம்" என்பாள். ஆற்றைக் காட்டினால் "தண்ணிதானே" என்பாள். குத்தல்கூடக் குறைந்துவிட்டது. வண்டியக்காவுக்கு அதுதான் பயமாக இருந்தது. அண்ணி திட்டாமல் இருப்பது ஆஸ்பத்திரியில் கத்திக்கொண்டிருந்த நோயாளி திடீரென்று அடங்குகிற மாதிரி. நர்ஸைக் கூப்பிடவேண்டிய நேரம் அது.

கடைத்தெருவில் ஒரு சுழலும் தட்டியில் தபால் அட்டைகள் தொங்கின. நீல விட்டம், கல் பெண்கள். கண்ணில் பட்டதும் வண்டியக்கா தட்டியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டாள். கடைக்காரர் முறைத்தார். அடுத்த கடையிலும் அதே அட்டை. அதையும் திருப்பினாள். ஊரில் எத்தனை கடையைத் திருப்பமுடியும்? முழுப் பூசணிக்காயை மறைக்கிறவளுக்குச் சோறு போதாது.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் காலை, ரொட்டி தின்னும்போது அக்கா பையிலிருந்து ஒரு கட்டு அட்டையை எடுத்து மேசையில் பரப்பினாள். "தெருவுல எல்லாருக்கும் ஒண்ணொண்ணு கொடுக்கணுமே, மொத்தமா வாங்கிட்டேன். இது எந்த இடம்னு தெரியல, ஆனா நல்லா இருக்கு. பாருங்க அண்ணி, பொம்பளைங்க வீட்டைத் தூக்கிட்டு நிக்கறாளுங்க. நம்ம கதைதான்!"

அண்ணி அட்டையை வாங்கினாள். முதலில் சும்மாதான் பார்த்தாள். பிறகு பெருவிரல் அட்டையின் ஓரத்தில் ஊர்ந்து ஒரு மூலையில் நின்றது. மூலையில் ஒரு படிக்கட்டுக் கைப்பிடிச் சுவரின் முனை, அதில் கயிறு முறுக்கிய மாதிரி ஒரு வேலைப்பாடு. வருஷக்கணக்காகக் காலண்டர் படத்தில் அந்த முறுக்கு வழியாகத்தான் அவள் கத்தி இறங்கியது.

அண்ணி நிமிரவில்லை. அட்டையை மற்ற அட்டைகளோடு சேர்த்து, நாலு பக்கமும் தட்டி ஒழுங்காக அடுக்கி, அக்காவிடம் கொடுத்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

வண்டியக்கா கடித்த ரொட்டியைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க அவளோடு அண்ணி தானாகப் பேசவில்லை. கோபமாகவும் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில். விமானம் மறுநாள் சாயங்காலம்தான். காலையில் அக்காவும் குட்டியும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வண்டியக்கா அண்ணியின் ஸ்வெட்டரை எடுத்து நீட்டினாள்.

"வாங்க அண்ணி. ஒரு இடம் போயிட்டு வரலாம்."

"எங்க?"

"வாங்களேன்."

டாக்சி வைத்துக்கொண்டு போனார்கள். அரண்மனை வாசலில் இறங்கினால் கூட்டமில்லை, டிக்கெட் ஜன்னல் மூடியிருந்தது. பெரிய மரக்கதவும் மூடியிருந்தது. கம்பிக் கதவுக்கு அந்தப்பக்கம் வண்டிகள் வரிசையாக, சங்கிலி போட்டு நின்றன. புல்வெட்டுகிற ஓர் ஆள் கையை ஆட்டி, நாளைக்கு வா என்று சைகை காட்டினான். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையாம். குட்டியைக் கேட்டிருந்தால் வரும்போதே சொல்லியிருப்பாள். குட்டியைக் கேட்க முகம் இல்லாமல் வந்ததன் பலன்.

வண்டியக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து அண்ணி சொன்னாள்.

"மூடியிருக்குன்னு தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தியா?"

"ஐயோ, இல்ல அண்ணி. சத்தியமா இல்ல."

"உன் சத்தியத்தைக் கொண்டுபோய் உன் நோயாளிங்ககிட்ட கொடு."

எதிர்ச்சுவரோரம் ஒரு கல்பெஞ்சி. அண்ணி போய் உட்கார்ந்தாள். வண்டியக்கா உட்காரவில்லை. நின்றபடியே, யாரிடமும் சொல்லாததைக் கொட்டினாள். வண்டி விடமாட்டார்கள் என்றது பொய் என்றாள். தள்ளி அலுத்துவிட்டது என்றாள். ஒரு வருஷமாகக் கனவில்கூடத் தள்ளிக்கொண்டே இருந்ததாகச் சொன்னாள். ஒரு வாரமாவது கைவீசி நடக்கவேண்டும் என்று இருந்தது என்றாள். அழுகை வந்தது. அழுதால் நியாயம் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று அடக்கினாள்.

அண்ணி தடியின் முனையால் ஒரு கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"தள்ள முடியலைன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

"திட்டியிருப்பீங்க."

"ஆமா, திட்டியிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். சோத்துல உப்பை அள்ளிப் போட்டிருப்பேன். அப்புறம் அந்தக் குட்டியையோ, கூலிக்கு ஒரு ஆளையோ தள்ளச் சொல்லியிருப்பேன். அவ்வளவுதானே? அதை நான் அந்த வாசல்லயே விட்டுட்டேன். பாவம், அவளும் மனுஷிதானேன்னு விட்டுட்டேன்."

நிறுத்தினாள். தடி சுரண்டுவதும் நின்றது.

"ஆனா சுவருன்னு சொன்ன பாரு. என் காலு போனது போகட்டும். என் ஆசையைச் சுவருன்னு சொல்லிட்டியே. ரெண்டு நாளா, இவ்வளவு வருஷமா ஒரு சுவத்துக்கா ஏங்கினோம்னு என்னையே நான் காறித் துப்பிட்டிருந்தேன். அதை எப்படிடி திருப்பித் தருவ?"

"உங்க மனசு நோகக்கூடாதுன்னு..." என்று தொடங்கினாள் வண்டியக்கா.

"என் மனசை நோகவிடு. அது என் மனசு. நீ தள்ளிட்டுப் போற வண்டி இல்ல."

புல்வெட்டுகிறவன் மெஷினை நிறுத்தினான். டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். அண்ணி தானே எழுந்தாள். கைகொடுக்கப் போன வண்டியக்காவின் கையைப் பார்த்துவிட்டு, தடியை ஊன்றினாள்.

*

ஏர்ப்போர்ட்டில் அண்ணியே குட்டியைக் கூப்பிட்டாள். "எனக்கு ஒரு வண்டி சொல்லு. கூட ஆளும் சொல்லு."

ஓர் ஆள் வந்தான். நெட்டையான வாலிபன், காதில் கடுக்கன். அண்ணியை உட்காரவைத்து, பாதத்தாங்கியை விரித்து, பையை மடியில் வைத்தான். அக்கா, "மகாராணி மாதிரி இருக்கீங்க அண்ணி, ஒரு கிரீடம்தான் குறைச்சல்" என்றாள். வண்டியக்கா பக்கத்திலேயே நடந்தாள். சரிவு வந்தது. அந்தப் பையன் முன்பக்கமாகவே வண்டியை விடப்போனான். அவளுக்குப் பொறுக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தாள்.

"விடு" என்றாள் அண்ணி. "அவன் தள்ளட்டும். நீ லீவுல இருக்க."

பையன் எப்படியோ இறக்கிவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. விமானத்துக்குக் காத்திருக்கிற கூடத்தில், கண்ணாடிச் சுவரோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் போனான். அக்காவும் குட்டியும் டீ வாங்கப் போனார்கள். வண்டியக்கா எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்தாள். கண்ணாடிக்கு வெளியே ஒரு விமானத்தில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கல்லுப் பொம்பளைங்க. எத்தனை பேரு?"

வண்டியக்கா நிமிர்ந்தாள். பத்துப் பன்னிரண்டு என்று நாக்கின் நுனிக்கு வந்தது. கடித்து விழுங்கினாள்.

"எண்ணல அண்ணி."

"அட்டையில முகம் சரியாத் தெரியல. எப்படி இருந்தாளுங்க?"

"ஒருத்திக்குத் தூக்கம் வர்ற மாதிரி முகம். ஒருத்தி சிரிச்சிட்டிருந்தா. மத்தவங்களை... மத்தவங்களை நான் சரியாப் பார்க்கல. உங்களைக் கீழ விட்டுட்டு நிக்க முடியல. ஓடி வந்துட்டேன்."

அண்ணி முகத்தைத் திருப்பவில்லை. வாய் மட்டும் ஒருமுறை கோணியது, திட்டப்போகிறவள் மாதிரி. திட்டவில்லை.

"போனவளாவது ஒழுங்காப் பார்த்திருக்கலாமில்ல?" என்றாள். பிறகு, "சரி. முதல் படியிலருந்து சொல்லு. தெரிஞ்ச வரைக்கும் சொல்லு. தெரியாததைச் சேர்க்காதே."

வண்டியக்கா தொடங்கினாள். படி கல்லு, நடுவில் தேய்ந்து குழி விழுந்திருந்தது என்றாள். கைப்பிடி குளிர்ந்திருந்தது என்றாள். திருப்பத்தில் அக்கா உட்கார்ந்த இடத்தைச் சொன்னாள். அதற்கு மேல் சுவரில் ஏதோ இருந்தது. பூவா, கொடியா? அவள் நிறுத்தினாள். கண்ணை மூடி யோசித்தாள். வரவில்லை.

"அது தெரியல அண்ணி" என்றாள்.

"சரி, விடு. அடுத்த படிக்கு வா" என்றாள் அண்ணி.